ஹெட்போன் வயரை வீட்டிலேயே செய்வது: பின் முதல் பின்னல் வரை

"ஹெட்போன் போச்சு" என்று அலமாரியில் ஏற்றிவைத்ததை இறக்கிப் பார்த்தால், பெரும்பாலும் ஒலி எழுப்பும் டிரைவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வயர்தான் அறுந்திருக்கும். அதுவும் நட்டநடுவில் அறுவது அபூர்வம். கைபேசியில் செருகும் பின்னுக்கு அடுத்த இரண்டு செ.மீ., இல்லையென்றால் காதுக்கிண்ணத்துக்குள் வயர் நுழையும் வாய், இந்த இரண்டில் ஓரிடம்தான். விறைப்பான பின்னும் வளைகிற வயரும் சேரும் இடம் அது. சட்டைப்பையில் கைபேசியைப் போட்டு எடுக்கும் ஒவ்வொரு முறையும் அதே கோட்டில் வயர் மடங்குகிறது. உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக ஒடிகின்றன. கடைசி இழை ஒடிகிற நாளில்தான் நமக்குத் தெரிகிறது.

அதனால் வயர் செய்யும் வேலையில் ஈயம் வைப்பது (சால்டரிங்) கால் பங்கு என்றால், இந்த மடிப்பைச் சமாளிப்பது அரைப்பங்கு. மீதிக் கால் பங்கு மல்டிமீட்டரைப் பிடித்து அளப்பது. வெள்ளியா செம்பா, எத்தனை கேரட் தங்க முலாம் என்ற விவாதமெல்லாம் அதற்கப்புறம்தான்.

முதலில், எங்கே அறுந்தது?

முழு வயரையும் மாற்றத் தேவையே இல்லாமல் இருக்கலாம். பின் அருகே வயரை ஆட்டும்போது ஒலி வந்து வந்து போனால், அங்கிருந்து ஐந்து செ.மீ. வெட்டி எறிந்துவிட்டுப் புதுப் பின் மாட்டினால் போதும்.

ஒரு காது மட்டும் கேட்கவில்லையென்றால் அந்தப் பக்கத்து வயர் அறுந்திருக்கிறது. இசை கேட்கிறது, ஆனால் பாடகரின் குரல் எங்கோ கிணற்றுக்குள் போய்விட்டது, கரோக்கி போட்டதுபோல் இருக்கிறது என்றால், அறுந்தது இரண்டு பக்கத்துக்கும் பொதுவான கிரவுண்ட். திரும்பிப் போக வழியில்லாமல் இடது டிரைவரும் வலது டிரைவரும் தொடராக இணைந்துவிடுகின்றன. இரண்டு பக்கத்துக்கும் உள்ள வேறுபாடு மட்டும்தான் ஒலியாக வருகிறது. குரலைப் பொதுவாக நடுவில், இரண்டு பக்கமும் சமமாக வைத்துத்தான் பதிவு செய்வார்கள்; ஆகவே அது கழிந்துபோகிறது. இந்த அறிகுறி தெரிந்தால் மீட்டரை எடுப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்தது.

மீட்டரை 200 ஓம் அளவில் வைத்து (300 ஓம் ஹெட்போனுக்கு 2000 ஓம்), பின்னின் முனைக்கும் அடிப்பாகத்துக்கும் இடையே அளந்தால் இடது டிரைவர். நடு வளையத்துக்கும் அடிப்பாகத்துக்கும் இடையே வலது. 32 ஓம் என்று அச்சிட்ட ஹெட்போன் 30க்குப் பக்கத்தில் காட்டினால் சரிதான். அச்சிட்டது மின்மறுப்பு (இம்பீடன்ஸ், அதாவது மாறுமின்சாரத்துக்குக் காட்டும் தடை), மீட்டர் காட்டுவது நேர்மின் தடை. இரண்டும் துல்லியமாக ஒன்றாக இருக்காது. முக்கியம் என்னவென்றால் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே எண் வரவேண்டும், வயரை ஆட்டும்போது எண் குதிக்கக் கூடாது. கழற்றக்கூடிய வயர் என்றால் வயரைத் தனியாக, ஹெட்போனைத் தனியாக அளந்து பாருங்கள். ஹெட்போன் பக்கமே முடிவிலி காட்டினால் வயர் செய்து பயனில்லை.

எந்த முனை, எந்த இணைப்பு

கைபேசிப் பக்கம் எளிது. 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின்னில் முனை இடது, வளையம் வலது, அடி கிரவுண்ட். மைக் உள்ள நான்கு பட்டைப் பின்னில் இன்றைய கைபேசிகள் பின்பற்றும் சிடிஐஏ முறைப்படி முனை இடது, முதல் வளையம் வலது, இரண்டாம் வளையம் கிரவுண்ட், அடி மைக். பழைய ஓஎம்டிபி முறையில் கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கும். மைக் தேவையில்லையென்றால் மூன்று பட்டைப் பின்னே போடுங்கள். நான்கு பட்டைச் சாக்கெட்டில் அதைச் செருகினாலும் கெடுதல் இல்லை. அதன் நீண்ட அடிப்பாகம் மைக்கையும் கிரவுண்டையும் சேர்த்துவிடும், கைபேசி அதை மைக் இல்லாத ஹெட்போன் என்று புரிந்துகொள்ளும்.

ஹெட்போன் பக்கம்தான் தொல்லை. ஏகேஜி கே240 போன்றவற்றில் மூன்று முள் மினி எக்ஸ்எல்ஆர். ஆடியோ டெக்னிகா எம்50எக்ஸில் 2.5 மி.மீ. பின், திருகிப் பூட்டும் வகை. துளை குழிந்து குறுகலாக இருப்பதால் சாதாரண 2.5 மி.மீ. பின்னின் உடம்பு உள்ளேயே போகாது. சென்ஹைசர் எச்டி 600, 650 வகையில் ஒரு பக்கத்துக்கு இரண்டு முள், ஒன்று தடி, ஒன்று மெலிது. தலைகீழாகச் செருக முடியாதபடி செய்த ஏற்பாடு. ஹைஃபைமேன் சன்டாராவில் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு 3.5 மி.மீ. சாக்கெட். காதுக்குள் செருகும் மானிட்டர்களில் 0.78 மி.மீ. இரு முள் அல்லது சுழலும் எம்எம்சிஎக்ஸ். முதல் முயற்சியாக எம்எம்சிஎக்ஸைத் தொடாதீர்கள். அதன் நடு ஊசி அரிசி நுனி அளவு. கை பழகுவதற்குள் நான்கைந்து முனைகளைக் காவு வாங்கிவிடும்.

இணைப்பு வரிசையை இணையத்தில் தேடி நம்புவதைவிட, பழைய வயரைப் பீப் வைத்துப் பார்த்து (இரு முனைக்கும் தொடர்பு இருந்தால் மீட்டர் ஒலிக்கும் நிலை) ஒரு தாளில் வரைந்துகொள்வது உத்தமம். பின்னின் முனைக்கும் ஹெட்போன் பக்கத்து எந்த முள்ளுக்கும் பீப் வருகிறது, வளையத்துக்கு எது, அடிக்கு எது. பழைய வயர் அறுந்திருந்தால் அறுந்த இடத்துக்கு இரு புறமும் தோலுரித்து அளந்து பாருங்கள். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். சிவப்பு வலது என்பது வழக்கம்தான். விலை மலிந்த ஹெட்போன்களுக்குள் அந்த வழக்கம் செல்லுபடியாகாது.

வயர் நிரந்தரமாகப் பொருத்தப்பட்ட ஹெட்போன் (சோனி எம்டிஆர்-7506, பேயர்டைனமிக் டிடி 770 போன்றவை) என்றால் காது மெத்தையைக் கழற்றி, கிண்ணத்தைத் திறந்து, எந்த வயர் எங்கே ஒட்டியிருக்கிறது என்று கைபேசியில் படம் எடுத்த பிறகே ஈயத்தை உருக்குங்கள். ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்குத் தலைப்பட்டை வழியாக மெல்லிய வயர் போகும். அதை இழுத்துவிட்டால் வேலை மூன்று மடங்காகும்.

ரிச்சி தெருவுக்குப் போகுமுன்

சென்னை அண்ணா சாலையிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் திரும்பினால், மின்னணு உதிரிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு. மெட்ரோவில் வருபவர்கள் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். மாலையில் கூட்டம் தோளோடு தோள் இடிக்கும், கவுண்டரில் நின்று பின்னைத் திருப்பித் திருப்பிப் பார்க்க விடமாட்டார்கள். காலை கடை திறந்த கையோடு போவது நல்லது. பழைய ஹெட்போனையும் மீட்டரையும் கூடவே எடுத்துப் போங்கள்.

கடை மொழி கொஞ்சம் தெரிந்திருந்தால் நேரம் மிச்சம். 3.5 மி.மீ. பின்னை "ஸ்டீரியோ இ.பி. பின்" என்பார்கள், 6.35 மி.மீ. தடிப் பின்னை "பி-38" என்பார்கள். ஸ்டீரியோ என்று அழுத்திச் சொல்லாவிட்டால் மோனோ பின்னைப் பொட்டலம் கட்டிவிடுவார்கள். ஹூக்கப் வயரை 7/36, 14/36 என்று கேட்க வேண்டும்: முதல் எண் இழைகளின் எண்ணிக்கை, இரண்டாவது ஒவ்வோர் இழையின் எஸ்டபிள்யூஜி (பிரிட்டிஷ் கம்பி அளவு முறை) கேஜ். 7/36 ஏறத்தாழ அமெரிக்க முறையான ஏடபிள்யூஜியில் 24க்குச் சமம். இரண்டு கேஜ் முறைகளும் கலந்து புழங்குவதால் வெறுமனே "26 கேஜ்" என்று கேட்பதில் அர்த்தமில்லை. 26 எஸ்டபிள்யூஜி கம்பி 0.457 மி.மீ., 26 ஏடபிள்யூஜி 0.405 மி.மீ.

ஹெட்போனுக்கு ஒரு கம்பி 26 ஏடபிள்யூஜி அளவில் இருந்தால் தாராளம். ஆனால் பருமனைவிட இழை எண்ணிக்கை முக்கியம். 0.16 மி.மீ. இழை ஏழு கொண்ட வயரும், 0.08 மி.மீ. இழை இருபத்தாறு கொண்ட வயரும் செம்பின் அளவில் கிட்டத்தட்ட ஒன்றுதான். முதலாவது ஒட்டடைக் குச்சிபோல் விறைத்து நிற்கும், கழுத்தை அசைத்தால் சரசரவென்று காதுக்குள் கேட்கும், மடங்கும் இடத்தில் சீக்கிரம் ஒடியும். இரண்டாவது நூல்போல் தொங்கும். 7/36 ஹூக்கப் வயர் பெட்டிக்குள் அசையாமல் கிடக்கச் செய்தது. ஹெட்போனுக்கு அது ஆகாது.

முதல் வயருக்குப் பின்னல் வேலையில் இறங்காமல், மீட்டர் கணக்கில் விற்கும் நான்கு கோர் மைக் கேபிளை வாங்குவதே எங்கள் பரிந்துரை. மொகாமி 2893 அந்த வகை: 26 ஏடபிள்யூஜி கம்பி நான்கு, வெளிவிட்டம் 4.8 மி.மீ. பெயரில்லாத கேபிளும் வேலை செய்யும், செம்பு செம்பாக இருந்தால். அதுதான் சோதிக்க வேண்டிய விஷயம். ஓர் இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்து, இரண்டு மூன்று முறை மடித்ததும் ஒடிந்தால் அது அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. ஈயம் ஒழுங்காக ஒட்டாது. காந்தம் இழுத்தால் இரும்பு கலந்தது. (வெள்ளி முலாம் பூசிய செம்பும் வெள்ளையாகத்தான் இருக்கும், சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரியும், குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

வெள்ளி வயர் போட்டால் ஒலி பளிச்சென்று வரும் என்று சொல்பவர்கள் உண்டு. வெள்ளி செம்பைவிட ஆறு விழுக்காடு அளவுக்கு நன்றாக மின்சாரம் கடத்தும், அவ்வளவுதான். அந்த வித்தியாசத்தைப் பத்து செ.மீ. நீளம் குறைத்தே சம்பாதித்துவிடலாம்.

பின் வாங்கும்போது மூடியின் பின்பக்கத் துளையைப் பாருங்கள். 4.8 மி.மீ. கேபிளை 4 மி.மீ. துளைக்குள் தள்ள முடியாது. எல்லோரும் ஒருமுறையாவது செய்யும் தவறு. உள்ளே ஈயம் வைக்கும் காதுகளை நகத்தால் ஆட்டிப் பாருங்கள். இப்போதே சுழன்றால் சூடு பட்டதும் கழன்றுவிடும். கைபேசிக்கு உறை போட்டிருந்தால் பின்னின் உடம்பு 8 மி.மீ.க்கு மேல் தடிக்காமல் இருப்பது நல்லது, இல்லையென்றால் முழுதாக இறங்காது. நியூட்ரிக், ரீன், ஆம்ஃபினால் பின்கள் கொஞ்சம் விலை கூடினாலும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் சூட்டைத் தாங்கும்.

மற்றவை: 63/37 ஈயக் கம்பி (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்), 0.8 மி.மீ. அல்லது அதற்கும் மெலிது. 183 டிகிரியில் ஒரேயடியாக உருகி ஒரேயடியாக உறையும் கலவை அது. ஈயம் நன்றாக ஒட்ட உதவும் ரோசின் பிளக்ஸ். தகரம் ஒட்டும் அமில பிளக்ஸைக் கையில் எடுக்கவே கூடாது. சென்னைக் காற்றின் ஈரத்தில் மிச்சம் மீதி அமிலம் செம்பைத் தின்றுவிடும். 25 வாட் சால்டரிங் அயர்ன், கூர்முனையைவிடச் சிறு உளிமுனை நல்லது. 1.5, 3, 6 மி.மீ. ஹீட் ஷ்ரிங்க் (சூடு பட்டால் சுருங்கும் குழாய்) ஒவ்வொன்றிலும் ஒரு மீட்டர். உள்ளே பசை பூசிய, மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும் 3:1 ஷ்ரிங்க் அரை மீட்டர். இது கிடைக்கவில்லையென்றால் இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கலாம், அவ்வளவு உபயோகம். ஐசோபுரொபைல் ஆல்கஹால் சிறு பாட்டில். வேலைக்கு மாட்டிவைக்க ஒரு மலிவான 3.5 மி.மீ. பெண் சாக்கெட்டும் சேர்த்து வாங்குங்கள். ஏன் என்று பின்னால் வருகிறது.

நீளமும் பின்னலும்

நடந்துகொண்டே கேட்க 1.2 மீட்டர், மேசையில் 2 மீட்டர். இரண்டு கிண்ணத்துக்கும் தனித்தனியாகப் போகும் வயர் என்றால் பிரியும் இடத்திலிருந்து 35 முதல் 40 செ.மீ. விடுங்கள். தலையில் ஹெட்போனைப் போட்டு, ஒரு நூலை வைத்து அளந்து பார்த்துவிடலாம்.

தனி வயர்களைப் பின்னுவதென்றால் நீளம் குறையும். 1.5 மீட்டர் கைக்கு வர, 1.85 மீட்டர் வீதம் நான்கு வயர் வெட்டுங்கள். மூன்று பிரிச் சடை எல்லாருக்கும் தெரியும். இது நான்கு பிரி. வயர்களின் தலையைக் கட்டி ஜன்னல் கம்பியில் மாட்டுங்கள். வலக்கோடி வயரை அடுத்த இரண்டுக்கும் பின்னால் கொண்டுபோய், அங்கே முன்னால் எடுத்து, ஒரு வயரின் மேலாக வலப்பக்கம் திருப்புங்கள். பிறகு இடக்கோடி வயரை இரண்டுக்கும் பின்னால் கொண்டுபோய், ஒன்றின் மேலாக இடப்பக்கம் திருப்புங்கள். இதையே மாற்றி மாற்றிச் செய்தால் உருண்டையான பின்னல் வரும். ரொம்ப இறுக்கிப் பின்னினால் வயர் கயிறு மாதிரி விறைக்கும். கைக்கு இழுப்பு ஒரே சீராக இருப்பதுதான் அழகு, இறுக்கம் அல்ல.

நான்கு வயர் எதற்கு, கிரவுண்ட் ஒன்றைப் பொதுவாக விட்டு மூன்று போதாதா? போதும். பல ஹெட்போன்கள் அப்படித்தான் வருகின்றன. ஆனால் 26 ஏடபிள்யூஜி செம்புக்கு மீட்டருக்கு 0.134 ஓம் தடை, 1.2 மீட்டருக்கு 0.16 ஓம். கிரவுண்ட் பொதுவாக இருந்தால் 32 ஓம் ஹெட்போனில் இடது ஒலியின் அரை விழுக்காடு அந்தத் தடையில் தங்கி வலது காதுக்குக் கசியும், அதாவது சுமார் 46 டெசிபல் கீழே. 300 ஓம் ஹெட்போனில் இது கணக்கிலேயே வராது. பின் வரைக்கும் இரண்டு கிரவுண்ட்களையும் தனியாகக் கொண்டுவந்து அங்கே சேர்த்தால் இந்தக் கசிவு பெருமளவு போய்விடும். நாளைக்கு 4.4 மி.மீ. பேலன்ஸ்டு பின்னுக்கு (இரண்டு பக்கத்துக்கும் திரும்பும் வழி தனித்தனியாக உள்ளது) மாற நினைத்தாலும் பின்னை மட்டும் மாற்றினால் போதும்.

மைக் கேபிளில் ஒரு பொறி இருக்கிறது. நான்கு கோரில் இரண்டு நீலம், இரண்டு வெள்ளை என்று வரும். எந்த நீலம் இடது, எந்த நீலம் வலது என்று கண்ணால் பிரிக்க முடியாது. இரண்டு முனையும் உரித்தபின் பீப் வைத்து ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, சிறு துண்டு ஷ்ரிங்க் மாட்டி அடையாளம் வையுங்கள். வெளியே சுற்றியிருக்கும் கவச வலையை இரண்டு பக்கமும் வெட்டி மூடிவிடலாம். ஹெட்போன் தடை குறைவானது, இரைச்சலைப் பிடித்து இழுக்காது. மைக் வயர் உள்ள ஹெட்செட்டுக்குத்தான் கவசம் வேண்டும்.

ஈயம் வைப்பது

முதலில் சாதா ஷ்ரிங்க், அப்புறம் பசை ஷ்ரிங்க், அப்புறம் பின்னின் மூடி. இவற்றை வயரில் கோத்துவிட்டீர்களா? இன்னொரு முறை பாருங்கள். அருமையாக ஈயம் வைத்து முடித்துத் திரும்பிப் பார்த்தால் மூடி மேசையில் கிடக்கும். முழுவதையும் பிரிக்க வேண்டும். மூடி திருகும் பக்கம் பின்னை நோக்கி இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

மின்விசிறியை நிறுத்துங்கள். சித்திரை வெயிலில் கஷ்டம்தான், ஆனால் மேலிருந்து காற்று அடித்தால் ஈயம் சீராக உறையாது, அயர்ன் முனையும் சூடு பிடிக்காது. ஜன்னலைத் திறந்துவைத்து, மேசை விசிறி இருந்தால் புகையை வெளியே இழுக்கும்படி முகம் திருப்பி வையுங்கள்.

வாங்கிவைத்த பெண் சாக்கெட்டில் பின்னைச் செருகி, சாக்கெட்டை மேசையில் பிடிமானமாக நிறுத்துங்கள். பின்னின் பட்டைகளைப் பிரித்து வைத்திருப்பது மெல்லிய பிளாஸ்டிக் வளையங்கள். சூட்டில் அவை இளகினால் முனை கோணிக்கொள்ளும், வளையமும் அடியும் உள்ளுக்குள் தொட்டுவிடும். சாக்கெட்டுக்குள் இருக்கும்போது உலோகம் சூட்டை வாங்கிக்கொள்கிறது, இளகினாலும் வடிவம் மாறாது. மினி எக்ஸ்எல்ஆருக்கும் இதே வழி. ஆனால் ஹெட்போனில் இருக்கும் சாக்கெட்டையே பிடியாகப் பயன்படுத்தாதீர்கள்.

வயர் நுனியை 3 மி.மீ. மட்டும் உரியுங்கள். இழைகளை முறுக்கி, ஒரு துளி பிளக்ஸ் தொட்டு, ஈயம் பூசுங்கள். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசியதுபோல் இழைகளின் மேல் மெல்லிய படலமாகப் பரவ வேண்டும். உருண்டையாகத் திரளக் கூடாது. பின்னின் காதுகளுக்கும் தனியாக ஈயம் பூசிவிடுங்கள். அடிப்பாகத்துக் காது பெரியது, சூட்டைக் குடிக்கும். அதை முதலிலேயே, வயர் எதுவும் இல்லாதபோது பூசி ஆறவிடுவது நல்லது. அயர்ன் 330 முதல் 350 டிகிரிக்குள். வெப்பம் மாற்ற முடியாத 25 வாட் அயர்ன் என்றால் இரண்டு இணைப்புக்கு நடுவே ஈரப் பஞ்சில் முனையைத் துடையுங்கள்.

இப்போது பூசிய வயரைப் பூசிய காதின்மேல் வைத்து அயர்னால் தொட்டால் இரண்டே நொடியில் கலந்துவிடும். முனை, வளையம், கடைசியில் அடி. அடிக்கு வரும் இரண்டு கிரவுண்ட் வயர்களையும் முன்பே சேர்த்து முறுக்கிப் பூசியிருக்க வேண்டும். ஈயம் உறையும்வரை கை அசையக் கூடாது. அசைந்தால் இணைப்பு சாம்பல் நிறத்தில் மணல் மணலாக இருக்கும். அதற்குக் கொஞ்சம் பிளக்ஸ் தொட்டு மறுபடி உருக்கினால் போதும், மேலும் மேலும் ஈயம் சேர்க்காதீர்கள். நாலு நொடிக்குள் பிடிக்கவில்லை என்றால் அயர்னை எடுத்துவிட்டு ஆறவிட்டு மீண்டும் முயலுங்கள்.

பழைய இயர்போன் வயரையே மீண்டும் பயன்படுத்தும்போது ஒரு சிக்கல். உள்ளே சிவப்பு, பச்சை, செம்பு நிறத்தில் தலைமுடி போன்ற இழைகள், நடுவே நூல். அந்த நிறம்தான் எனாமல் காப்பு. உரித்ததாக நினைத்து ஈயம் வைத்தால் ஒட்டியதுபோல் இருக்கும், மின்சாரம் போகாது. அயர்னை 380 டிகிரிக்கு ஏற்றி, முனையில் ஒரு பெரிய துளி ஈயத்தை உருக்கி, இழை நுனியை அதற்குள் மூன்று நான்கு நொடி முக்குங்கள். நிறம் கருகி வெள்ளி நிறம் வந்தால் காப்பு போய்விட்டது. தீக்குச்சியால் கொளுத்துகிற பழக்கம் வேண்டாம், மெல்லிய செம்பு தீய்ந்து முறுகி உதிரும். நடு நூலை வெட்டி எறிந்துவிடாதீர்கள். இழுவிசையைத் தாங்கத்தான் அதை வைத்திருக்கிறார்கள். பின்னுக்குள் எங்காவது முடிச்சுப் போட்டுக் கட்டிவிடுங்கள்.

முடிந்ததும் ஆல்கஹால் தொட்ட பழைய பல்துலக்கியால் பிளக்ஸைத் தேய்த்து எடுங்கள்.

மடிப்பைச் சமாளிப்பது

பின்னின் அடியில் வயரைக் கவ்வும் இரண்டு இறக்கைகள் இருக்கும். அவை வயரின் மேலுறையைக் கவ்வ வேண்டும், உள் கம்பிகளை அல்ல. இடுக்கியால் நெரித்தால் உறையைக் கிழித்துக் கிரவுண்டோடு தொட்டுவிடும். வயரை இழுத்தால் நகராத அளவு போதும். மெல்லிய வயர் என்றால் அந்த இடத்தில் ஒரு செ.மீ. ஷ்ரிங்க் போட்டுத் தடிமனாக்கிவிட்டுக் கவ்வுங்கள்.

மூடியைத் திருகியபின் வெளியே வரும் வயருக்கு மூன்று அடுக்கு ஷ்ரிங்க்: முதல் அடுக்கு 30 மி.மீ., அதன்மேல் 20, அதன்மேல் 10. மூன்றும் பின் பக்கம் ஒரே இடத்தில் தொடங்கி, வயர் பக்கம் படிக்கட்டுபோல் முடிய வேண்டும். முதலாவது பசை உள்ளதாக இருக்கட்டும். இப்படிச் செய்தால் விறைப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். வயர் ஒரு கோட்டில் மடியாமல் வில்லாக வளையும். ஒரே ஒரு தடித்த ஷ்ரிங்க்கை மட்டும் போட்டால் அறுபடும் இடம் பின்னிலிருந்து ஷ்ரிங்க் முடியும் இடத்துக்கு நகர்ந்திருக்கும், வேறொன்றும் மாறியிருக்காது.

மூடிக்குள் குளூ கன் பசையை நிரப்புவது பலர் செய்வதுதான். வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் அது இளகி வயரை விட்டுவிடும். எப்பாக்சி இளகாது, ஆனால் அடுத்த முறை பழுதானால் பின்னோடு தூக்கிப்போட வேண்டியதுதான்.

ஷ்ரிங்க்கைச் சுருக்க லைட்டர் வேண்டாம், உறை கருகும். அயர்னின் முனையல்ல, தண்டுப் பக்கத்தை நெருக்கமாகக் காட்டிச் சுழற்றினாலே சுருங்கும். இரண்டாகப் பிரியும் இடத்தில் பின்னலை ஒரு முடிச்சாகவே போட்டு, மேலே 6 மி.மீ. ஷ்ரிங்க் மாட்டிவிடலாம், இழுவிசை அங்கேயே நின்றுவிடும். நிரந்தர வயர் ஹெட்போனில் கிண்ணத்துக்குள் நுழைந்த உடனே ஒரு முடிச்சு கட்டாயம். யாராவது காலில் வயர் சிக்கி இழுத்தாலும் அடி முடிச்சில் விழும், ஈயத்தில் விழாது.

அளந்த பிறகே செருகுங்கள்

மூடியைத் திருகும் முன் ஒருமுறை, திருகிய பின் ஒருமுறை. பின்னின் ஒவ்வொரு பட்டைக்கும் அதற்குரிய முள்ளுக்கும் பீப் வர வேண்டும். பட்டைகளுக்கு இடையே, ஹெட்போன் மாட்டாத நிலையில், பீப் வரவே கூடாது. திருகிய பின் மட்டும் பீப் வந்தால் நீண்டு நிற்கும் ஓர் இழை உலோக மூடியைத் தொடுகிறது. தடையை எண்ணில் அளப்பதானால் முதலில் மீட்டரின் இரு குச்சிகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். மலிவான மீட்டரில் குச்சிகளே 0.3 ஓம் காட்டும், உங்கள் வயரோ மொத்தமே 0.2 ஓம்தான்.

முதல் சோதனைக்கு விலையுயர்ந்த ஆம்பிளிஃபயரைத் தொடாதீர்கள். ஒரு சாதாரண டைப்-சி டாங்கிள் போதும். ஒலியைக் குறைத்துவைத்து, நடுவில் குரல் உள்ள பாட்டு ஒன்றைப் போடுங்கள். குரல் நெற்றிக்கு நடுவே நிற்கிறதா? தலைக்குப் பின்னால் பரவி, தவிலும் பாஸும் வற்றிப் போயிருந்தால் ஒரு பக்கத்தில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. தனித்தனியாகக் கேட்டால் இரு காதும் சரியாகத்தான் இருக்கும், அதனால் இந்தத் தவறு மாதக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமல் ஓடும். இரு முள் மானிட்டர்களில் இது அடிக்கடி நடக்கும். இடது வலது மாறியிருந்தால் ஈயத்தைப் பிரிக்க வேண்டியதில்லை. இரண்டு கிண்ணத்துக்கும் ஒரே மாதிரி முனை என்றால் முனைகளை மாற்றிச் செருகி அடையாளத்தை மாற்றி எழுதினால் முடிந்தது.

பேலன்ஸ்டு பின் வேண்டுவோருக்கு: 4.4 மி.மீ. பின்னில் முனை இடது பிளஸ், அடுத்து இடது மைனஸ், வலது பிளஸ், வலது மைனஸ், அடி கிரவுண்ட். அடியை ஹெட்போனில் எங்கும் இணைப்பதில்லை. நான்கு முள் எக்ஸ்எல்ஆரில் முள் ஒன்றிலிருந்து நான்குவரை அதே வரிசை. பேலன்ஸ்டு பின்னோடு செய்த வயருக்குச் சாதாரண 3.5 மி.மீ. அடாப்டர் செய்து மாட்டுவதில் ஆபத்தில்லை. தலைகீழாகச் செய்யக் கூடாது: மைனஸ் இரண்டும் சேர்ந்த 3.5 மி.மீ. வயரை ஓர் அடாப்டர் வழியாகப் பேலன்ஸ்டு சாக்கெட்டில் செருகினால் ஆம்பிளிஃபயரின் இரண்டு வெளியீடுகள் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகும். சில ஆம்பிளிஃபயர்கள் தற்காத்துக்கொள்ளும், சில புகையும்.

கடைசியாக ஒரு நிற விஷயம். கண்ணாடிபோன்ற உறை போட்ட செம்பு வயர் வாங்கிய புதிதில் நகைபோல் மின்னும். வியர்வையும் கடற்காற்றும் சேர்ந்து, குறிப்பாகக் கழுத்தில் படும் பகுதியில், ஓராண்டு ஈராண்டில் களிம்பேறிப் பச்சையாகிவிடும். மேலே மட்டும் என்றால் ஒலிக்குப் பாதிப்பில்லை, பார்க்கத்தான் சகிக்காது. மறைக்கும் நிறத்தில் உறை, அல்லது மேலே துணிச் சல்லா போட்ட வயர் வாங்கினால் இந்த எரிச்சல் இல்லை. பயன்படுத்தியபின் கழுத்துப் பகுதியை உலர்ந்த துணியால் துடைத்து, உள்ளங்கை அளவு வளையங்களாகத் தளர்வாகச் சுற்றி வையுங்கள். கைபேசியைச் சுற்றி இறுக்கிக் கட்டினால் மூன்று அடுக்கு ஷ்ரிங்க்கும் உதவாது.